கூண்டும் விருந்தினரும்: அணுக் கூண்டுகளின் இரசாயனம்

பொருள்கள் ஒன்றோடொன்று சேரும் வகைகள் பல. இரும்பு துருப்பிடிக்கும்போது இரும்பும் ஆக்ஸிஜனும் இரசாயனப் பிணைப்பால் ஒன்றுபடுகின்றன. இரண்டும் தத்தம் குணத்தை இழந்து மூன்றாவதொரு பொருளாக மாறிவிடுகின்றன. சர்க்கரை நீரில் கரையும்போதோ அத்தகைய மாற்றம் ஏதும் இல்லை. இரண்டும் கலந்து நிற்கின்றன. இவ்விரு வகையிலும் அடங்காத மற்றொரு சேர்க்கையும் இயற்கையில் உண்டு. ஒரு பொருளின் அணுக்கள் கூண்டு போல அமைந்து, நடுவே இடம் விட்டு நிற்கும். அவ்விடத்தில் வேறொரு பொருளின் மூலக்கூறோ அயனியோ வந்து தங்கும். கூண்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் இடையே வலிய இரசாயனப் பிணைப்பு இராது. ஆயினும் உள்ளே சென்றது எளிதில் வெளியேறுவதுமில்லை.

கூண்டாக அமையும் பொருளை விருந்தோம்பி என்றும், உள்ளே தங்குவதை விருந்தினர் என்றும் அறிவியலார் அழைக்கின்றனர். இச்சேர்க்கையை ஆராயும் பகுதிக்கு விருந்தோம்பி-விருந்தினர் இரசாயனம் என்று பெயர். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. சலவை நீலம், சலவைத் தூள், மருத்துவ மனையின் ஆக்ஸிஜன் கருவி, பெட்ரோலில் கலக்கும் சாராயம் ஆகியவற்றில் எல்லாம் இவ்விரசாயனம் இடம்பெற்றிருக்கிறது.

கரியணுக்களால் ஆன கூண்டுகளும் உள. இக்கட்டுரையில் பெரும்பாலும் கனிமப் பொருள்களால் ஆன கூண்டுகளையே எடுத்துக்கொள்வோம்.

மூன்று கேள்விகள்

எந்தக் கூண்டை ஆராய்ந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது: விருந்தினர் உள்ளே நுழைய முடியுமா? இது வாயிலின் அளவைப் பொறுத்தது.

இரண்டாவது: நுழைந்தவர் தங்குவாரா? இது உள்ளிடத்தின் அளவையும், கூண்டின் சுவர்களிலுள்ள மின்னேற்றம் விருந்தினரை எவ்வளவு கவர்கிறது என்பதையும் பொறுத்தது.

மூன்றாவது: யார் வந்தால் அவர் வெளியேறுவார்? கூண்டில் உள்ள இடம் அளவானது. அதிகக் கவர்ச்சியுடைய மற்றொரு விருந்தினர் வந்தால் முன்னவர் இடம் விட நேரும்.

பாடநூல்கள் முதற் கேள்வியை விரிவாகவும், இரண்டாவதை ஓரளவும் கூறும். மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கூண்டுகளை நடைமுறையில் கையாளுகிறவர்களுக்கு அதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. தகாத விருந்தினர் புகுந்துவிட்ட கூண்டு, பார்வைக்கு எந்தக் குறையும் இன்றி இருக்கும், ஆனால் பயன்படாது. சில வேளைகளில் ஒரு நோயாளியின் உயிரே இதனைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இக்கட்டுரையில் அளவுகள் ஆங்ஸ்ட்ராம் என்னும் அலகில் தரப்படுகின்றன. ஒரு ஸென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம் ஆகும்.

சலவை நீலம்

வெள்ளைத் துணிகளுக்கு இடும் நீலப் பொடியும், சுண்ணாம்புடன் கலந்து சுவருக்குப் பூசும் நீலமும் அல்ட்ராமரீன் என்னும் பொருளாகும். முற்காலத்தில் இந்நீலத்தை ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லாஸுலி என்ற கல்லிலிருந்து அரைத்து எடுத்தனர். ஆதலால் அதன் விலை மிக அதிகமாயிருந்தது. செயற்கை முறையில் இதனைச் செய்வோருக்கு 6,000 பிராங்க் பரிசளிப்பதாக 1824இல் பிரெஞ்சுச் சங்கம் ஒன்று அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் அப்பரிசைப் பெற்றார். ஜெர்மனியில் கிமேலின் என்பவரும் அதே ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார். வெண்களிமண், ஸோடா உப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைக் கலந்து, காற்றுப் புகாமல் ஏறத்தாழ 800 டிகிரி ஸென்டிகிரேடு வரை சூடாக்கிப் பின்னர் மெல்லக் காற்று ஊட்டுவதே இம்முறையின் சாரம்.

இப்பொருட்களில் எதுவும் நீல நிறமுடையதன்று. நீல நிறம் தரும் உலோகங்களான செம்பும் கோபால்ட்டும் இதில் இல்லை. பிறகு நிறம் எங்கிருந்து வந்தது?

அலுமினியம், ஸிலிக்கன், ஆக்ஸிஜன் ஆகியவற்றின் அணுக்கள் சேர்ந்து ஸோடலைட் கூண்டு எனப்படும் அமைப்பை உண்டாக்குகின்றன. இதற்கு 24 முனைகளும், 6 சதுர முகங்களும், 8 அறுகோண முகங்களும் உண்டு. உள்ளிடம் சுமார் 6 முதல் 7 ஆங்ஸ்ட்ராம் விட்டமுடையது. இத்தகைய பல கூண்டுகளில், மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்து ஒரு எதிர் மின்னேற்றம் பெற்ற அயனி அடைபட்டிருக்கிறது. அந்த அயனி சுமார் 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்-செம்மஞ்சள் ஒளியை விழுங்குகிறது; எஞ்சிய ஒளி நமக்கு நீலமாகத் தோன்றுகிறது. இந்த அயனி வெளியே காற்றிலும் ஈரத்திலும் நிலைத்திராது. கூண்டினுள் அடைபட்டிருப்பதால் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது.

மூன்று கேள்விகளை இங்கே கேட்டுப் பார்ப்போம். கந்தக அயனி எவ்வாறு நுழைந்தது? வாயில்கள் அதற்கு மிகவும் குறுகியவை. கூண்டு உருவாகும்போதே அது உள்ளே அகப்பட்டது. தங்குமா? வெளியேற வழியில்லாமையால் தங்கும். யார் வந்தால் வெளியேறும்? வேறு எந்த விருந்தினராலும் அதனைப் பெயர்க்க இயலாது. வீட்டையே இடித்தாலன்றி அது விடுதலை பெறாது. அமிலம் அவ்வாறு இடிக்க வல்லது. சுண்ணாம்புக்கு அசையாத இந்நீலம் அமிலம் பட்டதும் வெளிறி, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடு வாயுவை வெளிவிடுவது இதனாலேயே.

இக்கருத்து வளர்ந்த வரலாறு

1756இல் ஸ்வீடன் நாட்டுக் கனிம அறிஞர் கிரான்ஸ்டெட் ஒரு கல்லை ஊதுகுழற் சுடரில் காய்ச்சியபோது அது நுரைத்துக் கொதிப்பதைக் கண்டார். கொதிக்கும் கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்கு ஸியோலைட் என்று பெயரிட்டார். கல்லின் கூண்டுகளில் தங்கியிருந்த நீரே அவ்வாறு ஆவியாக வெளிவந்தது.

குளோரின் வாயுவைக் குளிர்ந்த நீரில் செலுத்தியபோது கிடைத்த படிகங்களை முன்னாளில் திடக் குளோரின் என்றே கருதினர். அவற்றில் நீரும் உண்டென்பதை ஹம்ப்ரி டேவி 1811 வாக்கில் காட்டினார். மைக்கேல் பாரடே 1823இல் அவற்றைப் பகுத்து அளந்தார். 1897இல் ஹோப்மன் என்ற ஜெர்மானியரும் குஸ்பெர்ட் என்பவரும் நிக்கல் ஸயனைடு, அமோனியா, பென்ஸீன் மூன்றும் கூடிய படிகம் ஒன்றைச் செய்தனர். பென்ஸீன் எளிதில் எதனோடும் பிணையாத பொருளாயிற்றே, இதில் எவ்வாறு சேர்ந்தது என்பது அரை நூற்றாண்டு விளங்காதிருந்தது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பவல் என்பவர் எக்ஸ் கதிர்களால் இத்தகைய படிகங்களை ஆராய்ந்து, ஒரு பொருளின் சட்டத்தினுள் மற்றொன்று பிணைப்பின்றி அடைபட்டிருப்பதைத் தெளிவாக்கினார். 1948இல் இவற்றிற்குக் கிளாத்ரேட் என்று பெயரிட்டார். கம்பிகளால் அடைக்கப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. ஹோப்மன் படிகத்தில் நிக்கலும் ஸயனைடும் தட்டையான வலைகளாகப் பரவியிருக்கின்றன. அமோனியா மூலக்கூறுகள் தூண்கள் போல் நீட்டிக்கொண்டு வலைகளைப் பிரித்து நிறுத்த, இடையிலுள்ள அறைகளில் பென்ஸீன் தங்குகிறது.

விருந்தினர் தாங்கும் வீடு

நீரும் கூண்டாகும். அதிக அழுத்தமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் நீர் மூலக்கூறுகள் மீதேன் வாயுவைச் சுற்றிப் பனிக்கட்டி போன்ற கூண்டுகளாக உறைகின்றன. மீதேனுக்குரிய அமைப்பில் 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து 8 கூண்டுகளை உண்டாக்குகின்றன. அவற்றில் 2 சிறியவை, 6 பெரியவை. ஒரு கன மீட்டர் அளவுள்ள இப்பொருளில், சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 160 கன மீட்டர் இடம் கொள்ளும் மீதேன் அடங்கும்.

இங்கு ஒரு புதுமை உண்டு. பெரும்பாலான கூண்டுகள் விருந்தினர் சென்ற பின்னும் நிற்கும். பனிக் கூண்டோ விருந்தினர் உள்ளே இருந்து தாங்குவதாலேயே நிற்கிறது. போதுமான விருந்தினர் இல்லையேல் அது குலைந்து, நீராகவோ சாதாரணப் பனிக்கட்டியாகவோ மாறிவிடும். வெப்பம் மிகுந்தாலும் அழுத்தம் குறைந்தாலும் இவ்வாறே ஆகும்.

எரிவாயுக் குழாய்களைக் குளிர்காலத்தில் அடைப்பது உறைபனியன்று, இத்தகைய கூண்டுப் பொருளே என்பதை 1934இல் அமெரிக்காவில் ஹாமர்ஷ்மிட் என்பவர் காட்டினார். குழாய்களில் மெத்தனாலைச் செலுத்தி அடைப்பைத் தடுப்பது அது முதல் விளங்கிய முறையாகும். மெத்தனால் நீரைத் தன்பால் இழுத்துக் கூண்டு கட்ட விடுவதில்லை. நம் நாட்டில் கிருஷ்ணா-கோதாவரி வடிநிலத்தின் கடலடியில் இப்பொருள் படிந்திருப்பது 2006ஆம் ஆண்டுத் தேசீயத் துளையிடும் பயணத்தில் உறுதிப்பட்டது.

வாயில் உள்ள கூண்டு: ஸியோலைட்

புனே, நாசிக், ஜல்காவ் ஆகிய மாவட்டங்களின் கருங்கற் குழிவுகளில் அழகிய ஸியோலைட் படிகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உலகின் பல காட்சிச் சாலைகளில் தக்காணத்துக் கற்களைக் காணலாம். ஆனால் தொழில்களில் பயன்படுபவற்றில் மிகுதியும் செயற்கையாகச் செய்யப்பட்டவையே. பிரிட்டனில் பாரர் என்பவர் 1930களிலும் 1940களிலும் இத்துறையில் முன்னோடியாக ஆராய்ந்தார். 1949-50இல் அமெரிக்காவில் மில்ட்டன் என்பவர் குறைந்த வெப்பத்திலேயே ஸியோலைட்டுகளைத் தயாரிக்கும் முறையைக் கண்டார்.

இவற்றின் அமைப்பு எளிது. ஒவ்வொரு ஸிலிக்கன் அணுவையும் சுற்றி நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் நிற்கும். சில இடங்களில் ஸிலிக்கனுக்குப் பதிலாக அலுமினியம் அமர்கிறது. ஸிலிக்கனுக்கு வலுவெண் நான்கு, அலுமினியத்திற்கு மூன்று. ஆதலால் அலுமினியம் அமர்ந்த ஒவ்வோர் இடத்திலும் சட்டத்திற்கு ஓர் எதிர் மின்னேற்றம் மிஞ்சுகிறது. அதனை ஈடுசெய்ய ஸோடியம் போன்ற நேர் அயனிகள் கூண்டுகளில் வந்து அமர்கின்றன. இவை சட்டத்தோடு இறுகப் பிணைந்தவை அல்ல. இடம் மாற்றத் தக்கவை.

ஸியோலைட்-ஏ என்னும் வகையில், மேலே கூறிய ஸோடலைட் கூண்டுகளே ஒரு கன சதுரத்தின் எட்டு முனைகளிலும் நின்று, நடுவே 11.4 ஆங்ஸ்ட்ராம் விட்டமுள்ள பெரிய அறையை அமைக்கின்றன. அதற்கு ஆறு வாயில்கள். ஒவ்வொரு வாயிலையும் எட்டு ஆக்ஸிஜன் அணுக்கள் வளைத்து நிற்கின்றன. வாயிலில் எந்த அயனி அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அகலம் மாறும்.

ஸோடியம் அமர்ந்திருந்தால் வாயில் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம். இது 4-ஏ வகை.

பெரிய அயனியாகிய பொட்டாஸியம் அமர்ந்தால் சுமார் 3 ஆங்ஸ்ட்ராமாகக் குறுகும். இது 3-ஏ வகை.

கால்ஸியம் இரட்டை மின்னேற்றம் உடையது. இரண்டு ஸோடியத்தின் இடத்திற்கு ஒரு கால்ஸியம் போதும். காவலர் குறைவதால் வாயில் சுமார் 5 ஆங்ஸ்ட்ராமாக விரிகிறது. இது 5-ஏ வகை.

வாயிலின் பயனுக்கு நல்ல உதாரணம் பெட்ரோலில் கலக்கும் சாராயமாகும். சாராயத்தை எவ்வளவு வடித்தாலும் சாதாரண அழுத்தத்தில் எடையில் 95.6 சதவீதத்திற்கு மேல் தூய்மையாவதில்லை. எஞ்சிய நீர் உடன் வடிந்துகொண்டே இருக்கும். அந்த ஆவியை 3-ஏ மணிகளின் ஊடே செலுத்தினால் நீர் மூலக்கூறுகள் வாயிலில் நுழைந்து தங்கிவிடும். எத்தனால் மூலக்கூறு சுமார் 4.4 ஆங்ஸ்ட்ராம் ஆகையால் நுழைய இயலாது வெளியே சென்றுவிடும். இவ்வாறு 99.5 சதவீதத்திற்கு மேல் தூய்மையான சாராயம் கிடைக்கிறது. 2025இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையை நம் நாடு எட்டியதற்கு இம்மணிகளும் துணை செய்தன.

சலவைத் தூளில் வேறு வகையான பயன். கடின நீரிலுள்ள கால்ஸியம் அயனி ஸியோலைட்டினுள் புகுந்து ஸோடியத்தை வெளியேற்றுகிறது. நீர் மென்மையடைகிறது. இதில் மூன்றாம் கேள்வியே நமக்குத் துணையாகிறது: வலிய விருந்தினர் வந்தார், மெலிந்தவர் இடம் விட்டார்.

காற்றிலிருந்து ஆக்ஸிஜன்

2021ஆம் ஆண்டில் கொரோனா நோயின் இரண்டாம் அலை வீசியபோது ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டால் நாடு பட்ட துன்பத்தை யாவரும் அறிவர். அவ்வாண்டில் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரிக்கும் நிலையங்கள் ஆயிரத்திற்கு மேல் மருத்துவ மனைகளில் நிறுவப்பட்டன. அவற்றிற்கு வேண்டிய ஸியோலைட் வெளிநாடுகளிலிருந்து விமானங்களில் கொண்டுவரப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வீடுகளிலும் பயன்படும் சிறிய ஆக்ஸிஜன் செறிவூட்டிகளும் இம்முறையிலேயே இயங்குகின்றன. அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிரிக்கும் இம்முறையை அமெரிக்காவில் ஸ்கார்ஸ்ட்ராம் என்பவர் அமைத்தார். 1960இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதைப் பற்றி ஒரு தவறான கருத்து பரவலாக உண்டு. ஸியோலைட் ஒரு சல்லடை என்றும், சிறிய ஆக்ஸிஜன் அதில் புகுந்து செல்ல, பெரிய நைட்ரஜன் வெளியே தங்குகிறது என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. இக்கருவிகளில் பயன்படும் வகைகளின் வாயில்கள் இரு வாயுக்களையும் அனுமதிக்கப் போதுமான அகலமுடையவை. எக்ஸ் வகை ஸியோலைட்டின் வாயில் சுமார் 7.4 ஆங்ஸ்ட்ராம்; நைட்ரஜனும் ஆக்ஸிஜனுமோ 4 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைந்தவை. இரண்டும் நுழைகின்றன. ஆனால் இரண்டும் சமமாகத் தங்குவதில்லை. நைட்ரஜன் மூலக்கூற்றில் மின்னேற்றம் நடுவிலும் முனைகளிலும் ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கிறது. ஆக்ஸிஜனில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. எனவே கூண்டிலுள்ள லித்தியம், ஸோடியம், கால்ஸியம் போன்ற அயனிகள் நைட்ரஜனையே அதிகமாகக் கவர்ந்து பிடிக்கின்றன. பிடிபடாத ஆக்ஸிஜன் மறுமுனையில் வெளிவருகிறது.

இக்கருவியில் இரண்டு உருளைகள் இருக்கும். ஒன்றில் அழுத்தத்துடன் காற்றுச் செல்லும்போது அது நைட்ரஜனைப் பிடிக்கும். அது நிறைந்ததும் அழுத்தம் இறக்கப்பட, நைட்ரஜன் வெளியேறிக் கூண்டுகள் காலியாகும். அந்நேரத்தில் மற்ற உருளை வேலை செய்யும். சூடாக்க வேண்டுவதில்லை, அழுத்த மாற்றமே விருந்தினரை அழைக்கவும் அனுப்பவும் போதுமானது. காற்றில் சுமார் 1 சதவீதம் உள்ள ஆர்கான் வாயு ஆக்ஸிஜனைப் போலவே நடந்துகொள்வதால், அதனைப் பிரிக்க இயலாது. ஆகவே இக்கருவியின் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 95 சதவீதத்திற்கு மேற்படுவதில்லை. இது குறையன்று, மருத்துவத்திற்கு இது போதும்.

இனி மூன்றாம் கேள்வியைக் கேட்போம். நைட்ரஜனை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடிக்கக் கூடியவர் யார்? நீராவி. நீர் மூலக்கூற்றின் ஒரு பக்கம் நேர் மின்னேற்றமும் மறுபக்கம் எதிர் மின்னேற்றமும் கொண்டது. ஆதலால் கூண்டிலுள்ள அயனிகள் அதனை நைட்ரஜனைவிடப் பன்மடங்கு வலிமையுடன் பற்றிக்கொள்ளும். அழுத்தத்தை இறக்கினால் நைட்ரஜன் போய்விடும்; நீர் அவ்வளவு எளிதில் போகாது. அதனை முற்றிலும் ஓட்ட 200 டிகிரி ஸென்டிகிரேடுக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூடேற்றும் வசதி சிறு கருவிகளில் இல்லை. ஈரம் சிறிது சிறிதாகப் புகப் புக, நைட்ரஜனுக்கு இடம் குறைகிறது. பிடிபடாத நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு நோயாளிக்குச் செல்கிறது.

இதில் உள்ள அபாயத்தைக் களப்பணியாளர் நன்கு உணர்தல் வேண்டும். ஈரம் புகுந்த கருவி நின்றுவிடுவதில்லை. மோட்டார் ஓடும், நிமிடத்திற்கு 5 லிட்டர் என்று பாய்வுமானி காட்டும், குழாயில் காற்று வரும். ஆனால் வருவது பெரும்பாலும் சாதாரணக் காற்றாக இருக்கக் கூடும். நோயாளி மூச்சுத் திணறுவார். கருவி சரியாக இருப்பதாகவே சுற்றியிருப்போர் நம்புவர். எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பாய்வின் அளவு ஆக்ஸிஜனின் தூய்மைக்குச் சான்றாகாது. ஆக்ஸிஜன் அளக்கும் கருவியால் குறித்த காலங்களில் சோதித்தல் வேண்டும். குறித்த பாய்வில் 90 சதவீதத்திற்கு மேல் இருப்பது நலம். 82 சதவீதத்திற்குக் குறையலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

2. காற்று உட்செல்லும் வடிகட்டியைத் தூசி நீக்கித் தூய்மை செய்க. கழுவிய வடிகட்டியை நன்றாக உலர்ந்த பின்னரே பொருத்துக.

3. சமையலறை, குளியலறை, ஒழுகும் சுவர் ஆகியவற்றின் அருகே கருவியை வைக்கலாகாது.

4. நெடுநாள் ஓடாமல் கிடக்கும் கருவியில் ஈரம் மெல்லப் பரவும். தயாரிப்பாளர் கூறும் இடைவெளியில் அதனை ஓட்டிவர வேண்டும். அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பாகாது.

5. மூச்சுக்கு ஈரமூட்டும் நீர்க்குப்பி, வெளிவரும் ஆக்ஸிஜனுக்கு உரியது. அதன் நீர் கருவியினுள் திரும்பிச் செல்லாதவாறு பார்த்துக்கொள்க.

பிரஷ்ய நீலம்

1706 வாக்கில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலம் மற்றொரு கூண்டுப் பொருள். இரும்பு அணுக்கள் கன சதுரங்களின் முனைகளில் நிற்க, கரியும் நைட்ரஜனும் சேர்ந்த ஸயனைடு அவற்றை இணைக்கும் விட்டங்களாகின்றன. ஒவ்வொரு சிறு சதுரத்தின் பக்கமும் சுமார் 5 ஆங்ஸ்ட்ராம். உள்ளே நீரும், பொட்டாஸியம் போன்ற அயனிகளும் தங்குகின்றன. இக்கூண்டுகளுக்கு மிகவும் பொருந்துவது ஸீஸியம் அயனியே. அது தன்னைச் சூழ்ந்த நீரை எளிதில் கழற்றிவிட்டு நுழையும். நுழைந்தால் மற்றவற்றைவிட உறுதியாகத் தங்கும்.

1987 ஸெப்டம்பரில் பிரேஸில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கட்டிடம் ஒன்றிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் பகுதி அகற்றப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதனுள் இருந்த ஸீஸியம்-137 ஒளிரும் தூளாக வெளிவந்து பலர் கைகளில் பரவியது. 249 பேரிடம் மாசு காணப்பட்டது; நால்வர் இறந்தனர். ஸீஸியம் உடலினுள் சென்ற 46 பேருக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது பிரஷ்ய நீலம். உடலிலுள்ள ஸீஸியம் குடலில் சுரந்து மீண்டும் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும் இயல்புடையது. குடலில் பிரஷ்ய நீலம் இருந்தால் அது கூண்டில் அகப்பட்டு மலத்துடன் வெளியேறுகிறது. உடலிலுள்ள ஸீஸியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 110 நாள் ஆகும். இம்மருந்தினால் அது ஏறத்தாழ 30 நாளாகக் குறைகிறது.

1986ஆம் ஆண்டின் செர்னோபில் விபத்திற்குப் பின்னர் நார்வே நாட்டில் கலைமான்களுக்கும் ஆடுகளுக்கும் இவ்வகைச் சேர்மத்தைத் தீவனத்துடன் கொடுத்து, இறைச்சியில் ஸீஸியம் சேராமல் தடுத்தனர். 2011இல் ஜப்பானின் புக்குஷிமா அணு நிலையத்தில் மாசுபட்ட நீரிலிருந்து ஸீஸியத்தைப் பிரிக்க ஸியோலைட்டுகள் உதவின.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உள. கூண்டு ஸீஸியத்தைப் பிடிக்குமேயன்றி அதன் கதிர்வீச்சைக் குறைக்காது; ஆதலால் பிடித்த கூண்டையும் கதிரியக்கப் பொருளாகவே கருதிக் காத்தல் வேண்டும். அன்றியும், கடையில் விற்கும் நீலச் சாயம் மருந்தாகாது. மருத்துவர் தரும் தூய மருந்து வேறு.

திட்டமிட்டுக் கட்டிய கூண்டுகள்

இதுவரை கண்டவை பெரும்பாலும் இயற்கையில் உள்ளவை, அல்லது அவற்றைப் பின்பற்றியவை. இப்போது அறிவியலார் வேண்டிய அளவில் கூண்டுகளைத் திட்டமிட்டுக் கட்டுகின்றனர். உலோக அயனியை முனையாகவும் கரிமப் பொருளை விட்டமாகவோ பலகையாகவோ கொண்டால், கரைசலில் அவை தாமாகவே கூடிக் கூண்டாகின்றன. 1995இல் ஜப்பானின் மகோட்டோ புஜிட்டா குழுவினர் 6 உலோக முனைகளும் 4 பலகைகளும் ஆகப் பத்து உறுப்புகள் தாமே சேர்ந்த எண்முகக் கூண்டை வெளியிட்டனர். ஜெர்மனியில் பீலபெல்ட் பல்கலைக் கழகத்தின் அஹிம் முல்லர், வனேடியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கூண்டுகள் குளோரைடு முதலிய அயனிகளைச் சுற்றி வளைந்து உருவாவதைக் காட்டினார். அங்கே விருந்தினரே வீட்டின் வடிவத்தை வகுக்கிறார்.

2009இல் கேம்பிரிட்ஜில் நிஷ்கே குழுவினர் வெளியிட்ட முடிவு ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும். வெண் பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே தீப்பற்றும் என்பதையும், அதனை நீருக்குள் வைப்பதையும் மாணவர் அறிவர். 4 இரும்பு முனைகளும் 6 விட்டங்களும் கொண்ட கூண்டினுள் அதனை அடைத்தபோது அது காற்றில் எரியாதிருந்தது. ஆக்ஸிஜன் உள்ளே வரக்கூடும். ஆனால் அது சேர்ந்தால் உண்டாகும் பொருள் அறையில் கொள்ளாது. ஆதலால் வினை நிகழ்வதில்லை. மூன்றாம் கேள்விக்கும் இங்கே விடை உண்டு: பென்ஸீனைச் சேர்த்தால் அது உள்ளே புகுந்து பாஸ்பரஸை வெளியேற்றும். வெளிவந்த பாஸ்பரஸ் தன் பழைய குணத்தைக் காட்டும்.

கூண்டுகளை முடிவின்றி அடுக்கிய படிகங்களும் உண்டு. இவை உலோக-கரிமச் சட்டங்கள் எனப்படும். இவற்றை உருவாக்கியதற்காக ஸுஸுமு கிட்டகாவா, ரிச்சர்டு ராப்ஸன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. வறண்ட காற்றிலிருந்து நீரைப் பிடிப்பதும், புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிப்பதும் இவற்றால் இயலும் பணிகளாகும்.

வகுப்பறைக்குச் சில செயல்கள்

1. கூண்டின் மாதிரி. தடித்த தாளில் 5 ஸென்டிமீட்டர் பக்கமுள்ள 6 சதுரங்களையும் 8 சம அறுகோணங்களையும் வெட்டுக. ஒவ்வொரு முனையிலும் ஒரு சதுரமும் இரண்டு அறுகோணங்களும் கூடுமாறு ஒட்டுக. ஸோடலைட் கூண்டு கிடைக்கும். முனைகளை எண்ணச் செய்க. ஒட்டுவதற்கு முன் முகங்களின் மொத்த மூலைகள் 72. மும்மூன்று மூலைகள் ஒரு முனையில் கூடுவதால் 24 வருவதை மாணவரே கண்டறியட்டும்.

2. நீலத்தை வெளிறச் செய்தல். சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை அல்ட்ராமரீன் பொடியிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளி விடுக. நிறம் மறையும். வாயில் பிடித்த லெட் அஸிடேட் தாள் கறுக்கும். வெளிவரும் வாயு நச்சுடையது. ஆதலால் சிறிதளவே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் ஆசிரியரே செய்து காட்ட வேண்டும். திரவ நீலங்கள் சாயங்கள் ஆகையால் இச்சோதனைக்கு உதவா.

3. வாயிலின் அகலம். நன்கு உலர்ந்த 3-ஏ மணிகளை இரு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு எடுத்து, ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைக்கவும். ஒன்றில் சிறிது நீரும், மற்றொன்றில் நீரற்ற எத்தனாலும் ஊற்றுக. நீர் விட்ட குவளையில் வெப்பம் விரைந்து உயரும். எத்தனாலில் அத்தகைய உயர்வு இராது. நீர் கூண்டினுள் தங்கும்போது வெளிவரும் வெப்பமே இது. மணிகளைக் கையில் வைத்து நனைக்கலாகாது. எத்தனால் அருகே சுடர் கூடாது.

தொகுப்புரை

விருந்தினரைக் கூண்டில் நிறுத்துவது பிணைப்பன்று, பொருத்தம். அப்பொருத்தம் வாயில், உள்ளிடம், மின் கவர்ச்சி ஆகிய மூன்றால் அமைகிறது. விருந்தினர் தம் இயல்பை இழப்பதில்லை. ஆதலால் கூண்டிலிருந்து அவரை மாற்றமின்றி மீட்கலாம். வெப்பம், அழுத்தம், வலிய மாற்று விருந்தினர் ஆகியவை மீட்கும் வழிகள். அல்ட்ராமரீன் போன்ற வாயிலற்ற கூண்டு இதற்கு விலக்கு. அதனை உடைத்தே ஆக வேண்டும்.

மாணவர்க்குச் சில கேள்விகள்: 5-ஏ மணிகளைக் கொண்டு சாராயத்திலிருந்து நீரை ஏன் நன்கு பிரிக்க இயலாது? ஈரம் புகுந்த ஆக்ஸிஜன் கருவியில் பாய்வுமானியின் அளவு ஏன் மாறுவதில்லை? ஸீஸியத்தைப் பிடித்த பிரஷ்ய நீலத்தைச் சாதாரணக் குப்பையுடன் ஏன் போடலாகாது?

இம்மூன்றுக்கும் சரியான விடை கூறும் மாணவர் இப்பாடத்தை அறிந்தவராவர். நடுக் கேள்விக்கு விடை அறிந்த பணியாளர், தம் நிலையத்திலுள்ள கருவியை அடுத்த நோயாளி வருமுன் சோதித்து வைப்பாராக.